மக்குப் பற்றாக்குறை

மண்வள மேம்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகத்துக்குள் மண் நுழையக் கூடாது. வாசலிலேயே பெரிய எழுத்தில் அப்படித்தான் எழுதிப் போட்டிருக்கிறார்கள். தரையெல்லாம் வழுவழுப்பான கல். குனிந்தால் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். மூலைக்கு மூலை தொட்டிச் செடிகள், எல்லாம் பிளாஸ்டிக். அவற்றின் இலைகளை வாராவாரம் ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். மண்ணுக்காகவே மூச்சுவிடுகிற அலுவலகத்தில் ஒரு பிடி மண்கூட இல்லையே என்று யாரும் கேட்டதில்லை. கேட்பார்கள் போலத் தோன்றியவர்களுக்கு நல்ல இடமாகப் பார்த்து மாற்றல் கொடுத்துவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட வாரியம் ஒருநாள் லிஃப்ட்காரர் வீட்டுக் கொல்லைக்கு நடந்து வந்தது.

லிஃப்ட்காரர் என்பது பழைய உத்தியோகத்தால் ஒட்டிக்கொண்ட பெயர். ஆயுசில் பாதியை ஒரு பெரிய கட்டடத்தின் லிஃப்ட் பெட்டிக்குள் நின்றே கழித்தவர். மேலே போகிறவர் எதைச் சொன்னாலும் "ஆமாங்க", கீழே வருகிறவர் அதற்கு நேர்மாறாகச் சொன்னாலும் "ஆமாங்க". ஓய்வுபெற்ற பிறகும் அந்த வாய்க்கு வேறு சொல் சுலபத்தில் வரவில்லை.

அவர் இருந்தது வரிசை வீடுகளில் ஒன்று. முன்பக்கம் ஒரு கிடங்கின் மதில் மூக்கை இடிக்கும். வெளிச்சம் என்று ஒன்று பின்பக்க ஜன்னல் வழியாக வந்தால்தான் உண்டு. அந்த ஜன்னலடியில் அவர் மனைவியின் தையல் மெஷின். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் பட்டன் ஓட்டை கட்டுகிறவளுக்கு பல்பு வெளிச்சம் எந்த மூலைக்கு? பகல் வெளிச்சம் வேண்டும். அந்த மெஷின் ஓடினால்தான் அந்த வீடு ஓடும்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு துண்டு நிலம். அது வாரியத்துச் சொத்து. ஆனால் மண் உயிரோடு இருக்கிற வரையில் வீட்டுக்காரர் வைத்துப் பயிரிட்டுக்கொள்ளலாம் என்று விதி. மண் செத்துவிட்டால் வாரியம் எடுத்துக்கொண்டு அதன் மேல் சிமெண்ட் பூசலாம். இத்தனை வருஷமாக அந்த விதி யார் கண்ணிலும் படவில்லை. வாரியம் மண்ணைக் காப்பாற்றுவதற்காகப் புதிது புதிதாக ஜீப்புகள் வாங்கியது. ஜீப்புகள் நிற்க இடம் இல்லை. உயிருள்ள மண்ணில் ஷெட் போட முடியாது. ஆகவே ஊருக்குள் எங்கெங்கே மண் செத்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்கள். தேடப் போனவர்களுக்கு மேலும் சில ஜீப்புகள் வாங்க வேண்டியதாயிற்று.

மண் ஆய்வாளர் நீளமான இரும்புக் கோலோடு வந்தார். கோலைக் கொல்லையில் ஊன்றிக் குத்தினார். கோல் வளைந்தது. இரண்டடி தள்ளிக் குத்தினார். இன்னும் கொஞ்சம் வளைந்தது. பொய் சொல்லக் கூடாது, மண் இறுகித்தான் கிடந்தது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று கொசு வளர்க்கும். வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். லிஃப்ட்காரர் நட்ட தக்காளி எல்லாம் முழங்கால் உயரம்கூட வராமல், வந்த வழியே போய்விடலாமா என்ற யோசனையில் நின்றது.

ஆய்வாளர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். என்ன ஏது என்று தெரியாமல் லிஃப்ட்காரரும் கைகட்டி நின்றார். பிறகு ஆய்வாளர், மண் காலமாகிவிட்டது என்று அறிவித்து, வாரியத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். எப்போது போயிற்று என்று லிஃப்ட்காரர் கேட்டார். அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும், ஆய்வகத்துக்குச் சாவி கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. ஜன்னலை ஒட்டி இந்த உயரத்துக்கு ஜீப் ஷெட்டின் தகரச் சுவர் எழும்பும் என்று கையை உயர்த்திக் காட்டினார். கை ஜன்னலின் மேல்கட்டையையும் தாண்டிப் போயிற்று.

மெஷினை நிறுத்திவிட்டு மனைவி தலையை வெளியே நீட்டினாள்.

"செத்ததுன்னு சொல்றீங்க. அது மேல எதுக்குங்க ஷெட்?"

"சமாதின்னு வச்சுக்கங்கம்மா," என்றார் ஆய்வாளர் துக்கம் குறையாத குரலில்.

மண் வாரம் என்று வாரியம் ஆண்டுதோறும் ஒரு விழா எடுக்கும். அதற்குள் மண்ணுக்கு உயிர் வந்துவிட்டால் மறுபரிசீலனை உண்டு, அதற்கான மருந்தை வாரியமே தருகிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, வளைந்த கோலைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த கொல்லைக்குத் துக்கம் விசாரிக்கப் போனார்.

லிஃப்ட்காரர் டிபன் பாக்ஸில் கொல்லை மண்ணை அள்ளிக்கொண்டு வாரியத்துக்குப் போனார். வாசல் காவலர் மறித்தார். மண் உள்ளே போகாது. மண்ணைக் காட்டத்தான் வந்திருக்கிறேன் என்றார் இவர். மண்ணை இங்கேயே வைத்துவிட்டு அதன் விவரத்தை மட்டும் மேலே கொண்டுபோங்கள் என்றார் காவலர். அவர் சொன்ன விதத்தில் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. "ஆமாங்க" என்று டப்பாவைக் கீழே வைத்து, செருப்பை உதறி, வெறும் விவரத்தோடு படியேறினார்.

துணை இயக்குநருக்கு வெள்ளை வெளேரென்ற கைகள். மேஜையில் வரிசையாகக் கறுப்புப் பாட்டில்கள். லிஃப்ட்காரர் விவரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து நின்று பேச ஆரம்பித்துவிட்டார். கேட்க ஓர் ஆள் கிடைப்பது அங்கே அபூர்வம்.

"ஹியூமிக் அமிலம்னா என்னன்னு சுருக்கமா சொல்றேன். அது ஒரு அமிலம். ஆனா அமிலம் மாதிரி நடந்துக்காது. கறுப்பா இருக்கும். கறுப்பா இருக்கிறதுலதான் அதோட மகிமையே இருக்கு. இதை ஊத்தினா மண்ணு தன்னைத் தானே திருத்திக்கும். இது வந்ததுல இருந்து எங்கள்ல யாருக்கும் மண்ணைத் தொட வேண்டிய அவசியமே இல்லாம போச்சு. நான் தொட்டே பல வருஷம் ஆச்சு. அதைத்தான் நாங்க வளர்ச்சின்னு சொல்றோம்."

பாட்டிலைக் கொடுக்கும்போது ஒரு படம் எடுத்தார்கள். லிஃப்ட்காரரின் சிரிப்பு போதாது என்று மறுபடி எடுத்தார்கள். வாரியத்தில் பயன்பெற்றவர் எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு இருந்தது. கீழ்ப்பல் தெரிய வேண்டும்.

படியிறங்கும்போது பாட்டிலின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருப்பது அவர் கண்ணில் பட்டது. கரிமப் பொருளுடன் சேர்த்து இடவும். மறுபடி ஏறிப்போய், கரிமப் பொருள் என்றால் என்னங்க என்று கேட்டார். கரிமம் உள்ள பொருள் என்றார் துணை இயக்குநர். பக்கத்து அறையில் கேட்டார். உயிர்சார் அடிமூலத் திரள் என்று சொல்லிவிட்டு அந்த அதிகாரி தன் சொல்லின் அழகில் தானே கொஞ்ச நேரம் லயித்துப்போனார். அதற்கும் அடுத்த அறையில், அது கொள்கை முடிவு சம்பந்தப்பட்டது, வெளியாருக்குச் சொல்வதற்கில்லை என்று கதவைச் சாத்தினார்கள்.

வீட்டில் பாட்டிலைப் பார்த்ததும் மனைவி மெஷினைவிட்டு எழுந்துவிட்டாள். "ஆசிட்டா? ஏங்க, மண்ணு ஏற்கெனவே செத்துப் போச்சுன்னுதானே சொன்னாங்க. எரிக்கவும் சொல்லிட்டாங்களா?"

இது அந்த ஆசிட் இல்லை, அமிலம் என்று அவர் விளக்கினார். விளக்கம் அவருக்கே திருப்தியாக இல்லை. ஆனாலும் வாளித் தண்ணீரில் கரைத்துக் கொல்லை முழுக்க ஊற்றினார். கறுப்புத் தண்ணீர் இறங்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் மேலேயே நின்று வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு காக்கை வந்து குனிந்து தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிற்று. பிறகு தண்ணீர் ஓரமாக வழிந்து சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. சாக்கடைக்கு நல்ல பலன் தெரிந்தது. மறுவாரம் அதன் ஓரத்தில் புல் தளதளவென்று வந்திருந்தது.

விஷயத்தை உடைத்தவன் மைத்துனன். மனைவியின் தம்பி; வாரியத்தில் ஜீப் ஓட்டுநர். இயக்குநருக்கு வண்டி ஓட்டுவான், மற்ற நேரங்களில் யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுவான். அக்கா வீட்டுக்கு டீ குடிக்க வந்தவனிடம் லிஃப்ட்காரர் கரிமப் பொருளைப் பற்றிக் கேட்டார். அவன் எழுந்து ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "குப்பை, மாமா," என்றான்.

அதற்கு எதற்கு இவ்வளவு ரகசியம் என்று இவர் கேட்டார். குப்பை என்ற சொல் துப்புரவு வாரியத்துக்குச் சொந்தம் என்று அவன் விளக்கினான். மண்வள வாரியத்தில் யாராவது அந்தச் சொல்லை வாய் தவறிச் சொன்னால் மானியத்தில் பாதி அந்தப் பக்கம் போய்விடும். அதனால் இலை, தழை, சாணம், தோல், தொலி எதையுமே அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயர் சொல்லாததால் கொஞ்ச காலத்தில் மறந்தும் போய்விட்டார்கள். பாட்டில் மட்டும் மிஞ்சியது.

"சோறு இல்லாத வீட்டுக்கு டானிக் குடுத்து அனுப்புற மாதிரி இருக்கே," என்றாள் அக்கா. தம்பி டீயை ஊதிக் குடித்தான். அரசாங்க ஊழியன், கருத்துச் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து லிஃப்ட்காரர் தெருவில் குனிந்த தலையோடு நடக்க ஆரம்பித்தார். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளினார். காய்கறிக் கடைக்காரர் ஒதுக்கிப் போட்ட அழுகல்களைச் சாக்கில் கட்டித் தூக்கிவந்தார். மனைவி வெட்டிப்போட்ட பருத்தித் துணித் துணுக்குகள், முடிதிருத்தும் கடைக்காரர் கூட்டித் தள்ளிய மயிர், மாட்டுக்கொட்டில் சாணம். மைத்துனன் வாரியத்துச் சிற்றுண்டிச் சாலையிலிருந்து டீத்தூள் சக்கையையும் பழத்தோலையும் ஜீப்பின் பின்னால் போட்டுக் கொண்டுவந்தான். மண்ணுக்கு அந்த வாரியம் செய்த முதல் உபகாரம் அதுதான். அது வாரியத்துக்குத் தெரியாது.

முதலில் நாறியது. மனைவி ஜன்னல் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு மூக்கைச் சுளித்துத் தைத்தாள். பிறகு நாற்றம் அடங்கி, முதல் மழைக்கு எழுகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. குவியலைக் கிளறினால் சூடு கையில் அடித்தது. இலை எது, தோல் எது, துணி எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் எல்லாம் ஒரே கறுப்பாகப் பொலபொலவென்று மக்கு உரமாயிற்று. அதை மண்ணோடு கொத்திக் கலந்தார். சொன்ன பேச்சைத் தட்டிப் பழகாத மனுஷர் ஆகையால் பாட்டிலில் மிச்சம் இருந்ததையும் கரைத்து ஊற்றினார். இந்தத் தடவை அது ஓடவில்லை. சாப்பிட ஏதோ இருக்கிற வீட்டுக்குள் நுழைகிற விருந்தாளி மாதிரி விறுவிறுவென்று உள்ளே போயிற்று. கலந்த இடத்திலெல்லாம் மண்புழு வந்தது. ஆனால் குவியல் தீர்ந்துவிட்டது, கொல்லையில் பாதி அப்படியே கட்டாந்தரையாகக் கிடந்தது. கிடைக்கிற குப்பை போதவில்லை. கிடைத்ததும் மக்குவதற்கு நாளாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வாளர் நடுவில் ஒருமுறை பார்த்துப் போக வந்தார். மைத்துனன்தான் ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினான். இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டான். ஆய்வாளர் கொல்லையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்துவிட்டு நிலவரம் கேட்டார்.

"பாதி தேறிடுச்சு சார். மீதிக்குத்தான் மக்கு பத்தல."

"என்ன பத்தல?"

"மக்கு, சார். இன்னும் நிறைய மக்கு வேணும். இப்ப உங்க ஆபீஸ்ல இருந்துதான் வந்துட்டிருக்கு. என் மச்சான்தான் ஜீப்ல கொண்டாந்து எறக்குறான். ஆனா வர்றது எதுவும் இன்னும் சரியா முத்தல."

ஆய்வாளரின் கழுத்திலிருந்து ஒரு சிவப்பு மெதுவாக ஏறிக் காது வரைக்கும் போயிற்று.

"நான் இப்ப எதுல வந்தேன்?"

"மச்சான் ஜீப்ல, சார்."

ஆய்வாளர் டீக்கடை வரைக்கும் போகவில்லை. ஓட்டுநருக்காகக் காத்திருக்கவும் இல்லை. வெயிலில் நடந்தே அலுவலகம் போய்ச் சேர்ந்தார். ஜன்னலுக்குள் மனைவி மெஷின் மேல் கவிழ்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று லிஃப்ட்காரருக்குப் புரியவில்லை. புரிந்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீள மேஜையைச் சுற்றி அதிகாரிகள், நடுநாயகமாக இயக்குநர். இயக்குநர் பருத்த மனுஷர், எப்போதும் கண்ணை அரைவாசி மூடியே வைத்திருப்பார். தொலைநோக்கு உள்ளவர் என்று அதற்கு அர்த்தம் சொன்னார்கள். மேஜையின் கடைசியில் மூத்த ஆலோசகர் ஒருவர் தாடையை நெஞ்சில் ஊன்றித் தூங்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரரை உட்காரச் சொல்லவில்லை. நின்று பழகியவர் என்பதால் அதை அவர் கவனிக்கவும் இல்லை.

துணை இயக்குநர் ஆரம்பித்தார். "யாரைச் சொன்னீங்க?"

"யாரையும் சொல்லலைங்க. பொதுவாத்தான் சொன்னேன்."

"பொதுவான்னா? மொத்த வாரியத்தையுமா?"

லிஃப்ட்காரர் நடுங்கிப்போய் விளக்க முற்பட்டார். அவர் பேசாமல் இருந்திருக்கலாம்.

"மக்குன்னா கெட்ட வார்த்தை இல்லைங்க. முன்னாடி எதுவா இருந்தாலும் சரி, நாள்பட நாள்பட அழுகி, ஒண்ணோட ஒண்ணு கலந்து, எது என்னன்னே தெரியாம போயிடும் பாருங்க, அதுதான். எவ்வளவுக்கெவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது. சும்மா ஒரு மூலையில கிடந்தாப் போதும்ங்க, தானா ஆயிடும்."

அறையில் எல்லோர் பார்வையும் ஒரு கணம் மேஜையின் கடைசிப் பக்கம் போய்த் திரும்பியது. இயக்குநர் மேஜையைத் தட்டி, "மக்கு என்று இங்கே யாரும் இல்லை," என்று முழங்கினார். சத்தத்தில் மூத்த ஆலோசகர் திடுக்கிட்டு எழுந்து, "இருக்கேன், இருக்கேன்," என்றார்.

அதற்குப் பிறகு விசாரணையைத் தொடர்வது கஷ்டமாகிவிட்டது. யார் மக்கு என்று தீர்மானிக்கப்போனால் ஒவ்வொருவரும் அடுத்தவர் பெயரைச் சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே ஆளை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். மக்கு என்ற சொல்லை வாரியத்தின் எல்லைக்குள் தடை செய்வது என்றும், அவசியப்பட்டால் பக்குவக் கரிமம் என்று சொல்லிக்கொள்வது என்றும் ஒருமனதாக முடிவாயிற்று. மொழிப் பிரிவு அதிகாரிக்கு இதில் உற்சாகம் பிறந்தது. நெடுநாளாக வேலையில்லாமல் இருந்தவர். கட்டடம் முழுக்கச் சுற்றிவந்து, மக்கள் என்ற சொல்லும் மக்கு என்பதன் பன்மை மாதிரியே காதில் விழுகிறது, விஷமிகள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று குறிப்பு வைத்தார். மக்கள் தொடர்பு அலுவலர் மறுநாளிலிருந்து வெறும் தொடர்பு அலுவலர் ஆனார். யாரோடு தொடர்பு என்று அவருக்கே தெரியாது. முகப்பில் மண் மக்களுக்கே என்று பொறித்திருந்ததைச் செதுக்கிவிட்டு மண் நமக்கே என்று எழுதினார்கள். இடம் மிச்சமானதில் இயக்குநரின் பெயர் கொஞ்சம் பெரிதாயிற்று. இப்படியாக வாரியத்தில் மக்கள் இல்லாமல் போனார்கள். வேலை எதுவும் தடைபட்டதாகத் தெரியவில்லை.

சிற்றுண்டிச் சாலையில் பச்சைத் தொட்டி ஒன்றும் நீலத் தொட்டி ஒன்றும் இருந்தன. மக்கும், மக்காத என்று அவற்றின்மேல் எழுதியிருந்தது. இரண்டில் எதன் பக்கத்தில் நின்றாலும் அர்த்தமாகிவிடுகிறது என்று அதிகாரிகள் வருத்தப்பட்டதால் இரண்டையுமே எடுத்துவிட்டார்கள். குப்பை போட இடமில்லை. குப்பை என்று சொல்லவும் முடியாது. வேறு வழியில்லாமல் சிற்றுண்டிச் சாலைக்காரர்கள் அத்தனையையும் மைத்துனனின் ஜீப்பில் ஏற்றி எங்கேயாவது கொண்டுபோகச் சொன்னார்கள். அவன் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனான். நாள் தவறாமல் கொண்டுபோனான்.

கொல்லை முழுவதும் தேறிவிட்டது. மண் வாரம் வந்தபோது தக்காளி ஜன்னல் உயரத்துக்கு எழுந்து நின்றது. லிஃப்ட்காரர் நடந்தால் கால் மெத்தையில் வைத்த மாதிரி அமிழ்ந்து எழுந்தது. மழை பெய்தால் ஒரு சொட்டு மேலே நிற்கவில்லை. விழாவுக்கு முந்தின நாளும் நல்ல மழை.

மண் வாரத்தை இயக்குநர் லிஃப்ட்காரரின் கொல்லையிலேயே தொடங்கிவைப்பது என்று முடிவு செய்திருந்தார். அவமானம் அங்கேதான் பிறந்தது, ஷெட்டும் அங்கேதான் முதலில் எழ வேண்டும். அவரிடம் இரங்கல் உரை ஒன்றும் தயாராக இருந்தது. ஜீப் கொல்லையின் ஓரத்தில் வந்து நின்றது. பின்னால் துணை இயக்குநர், ஆய்வாளர், படக்காரர், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். இயக்குநர் ஜீப் ஜன்னலோரம் சாய்ந்து பார்த்தார். பச்சைப்பசேலென்று நின்றதைப் பார்த்து அரைக்கண் முழுக்கண் ஆயிற்று. துணை இயக்குநர் காதில் ஏதோ சொன்னார். இரங்கல் உரை சட்டைப்பைக்குள் போயிற்று.

"எல்லாரும் கவனிங்க," என்றார் இயக்குநர் ஜீப்பில் உட்கார்ந்தபடியே. "செத்துப்போன மண்ணு. நம்ம பாட்டில் மருந்து ஒண்ணே ஒண்ணுதான் இதுக்கு உயிர் குடுத்திருக்கு. அப்படித்தானே பெரியவரே?"

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்குள்ளிருந்து, சொல்லித் தொலையுங்கள் என்பது போல் கண்ணைக் காட்டினாள். உயிர் வந்துவிட்டது என்று வாரியமே ஒப்புக்கொண்டால் ஷெட் வராது அல்லவா?

"ஆமாங்க," என்றார்.

"அப்ப உயிர் குடுத்தது நாம. குடுத்தவனுக்கு எடுக்குற உரிமையும் உண்டு. விதி செத்த மண்ணைப் பத்தித்தான் பேசுது, வாரியம் பெத்த மண்ணைப் பத்திப் பேசல. ஷெட் வரும்."

கைதட்டினார்கள். லிஃப்ட்காரரும் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டு, தட்டாமல் இறக்கிக்கொண்டார். ஜன்னலுக்குள் மனைவியின் கை மெஷின் சக்கரத்தின் மேல் அப்படியே நின்றது. இத்தனை நாள் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு தைத்தது, அவர் தெருத்தெருவாகக் குனிந்து பொறுக்கியது எல்லாம் ஒரு வாக்கியத்தில் தகரச் சுவராகிவிட்டது. அவர் வாயைத் திறந்தார். "ஐயா, அது வந்துங்க, வீட்டுல இவளுக்குத் தையல்," என்பதற்கு மேல் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இயக்குநர் முதல் வண்டியைத் தாமே உள்ளே கொண்டுபோய் ஜன்னலை ஒட்டி நிறுத்தித் திட்டத்தைத் தொடங்கிவைக்கப்போவதாக அறிவித்தார். தாமே என்றால் மைத்துனன் ஓட்ட வேண்டும். அவன் கொல்லையைப் பார்த்தான்.

"ஐயா, மண்ணு ரொம்ப இளகியிருக்கு. நேத்து மழை வேற."

"மண்ணைப் பத்தி எனக்கே சொல்லித்தரியா? நான் இந்த வாரியத்துக்கு இயக்குநர். ஓட்டு."

அவன் ஓட்டினான். தக்காளி வரிசைக்கு இந்தப்பக்கம் வரை ஜீப் கம்பீரமாக வந்தது. அப்புறம் முன்பக்கம் மெல்லத் தலை வணங்கியது. அழுத்து, அழுத்து என்றார் இயக்குநர். அவன் அழுத்தினான். சக்கரங்கள் சுழலச் சுழலக் கறுப்பு மண் பின்னால் பீய்ச்சி அடித்து, துணை இயக்குநரின் வெள்ளைக் கைகளை முழங்கை வரை நனைத்தது. பல வருஷத்துக்குப் பிறகு அவர் மண்ணைத் தொட்டார். ஜீப் அச்சு வரைக்கும் இறங்கி, இனி எங்கும் போவதாக இல்லை என்பது போல உட்கார்ந்துவிட்டது.

இயக்குநர் கதவைத் திறந்து காலை வைத்தார். கால் முழங்கால் வரை போயிற்று. ஆய்வாளர் உதவிக்கு ஓடிவந்து தன் கோலை ஊன்றினார். கோல் கைப்பிடி வரை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கி மறைந்தது. அவர் குனிந்து அது போன இடத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இந்த மண் கொஞ்சமும் பாரம் தாங்காது, இதன்மேல் ஷெட் என்ன, ஒரு சைக்கிள்கூட நிற்காது என்று தம் தொழில் வாழ்க்கையின் முதல் சரியான முடிவைச் சொன்னார்.

படக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் இயக்குநருக்குத் தொலைநோக்கு திரும்பியது.

"இந்த மண்ணை இப்படிக் கெடுத்தது யாரு? எல்லாரும் குறிச்சுக்குங்க, நம்ம மருந்துல ஒரு சொட்டுகூட இதுல படல. அப்படித்தானே பெரியவரே?"

"ஆமாங்க," என்றார் லிஃப்ட்காரர்.

"இது மண்ணே இல்ல. நிக்க வக்கில்லாத மண்ணு. இந்த மாதிரி ஒரு சொத்து வாரியத்துக்கு வேண்டாம். இவரே வச்சுக்கிட்டு அழட்டும். இதுதான் இவருக்குத் தண்டனை. இந்தப் பக்கம் இனி வாரியத்து வண்டி ஒண்ணும் வரக் கூடாது."

இரண்டு பேர் கைத்தாங்கலாக அவரைப் பிடுங்கி எடுத்தார்கள். அதிகாரிகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஏறி, ஷூக்களைப் பிளாட்பாரத்தில் தட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள். ஜீப்பை இழுக்க லாரி வந்தது. மைத்துனன் கயிறு கட்டினான். ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பின்பக்கமாக ஒரே சீராக வெளியே எடுத்தான். வந்த தடத்தில் தக்காளி வரிசையிலிருந்து தெரு வரைக்கும் ஆழமாக, நூல் பிடித்த மாதிரி நேராக இரண்டு பள்ளம். மண்வெட்டியால் வெட்டுவதென்றால் லிஃப்ட்காரருக்கு இடுப்பு போயிருக்கும்.

தண்டனை என்று சொன்னார்களே, என்ன தண்டனை என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டு நின்றார். ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்தது. விரலில் நூல் சுற்றியிருந்தது. பள்ளங்களை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துணியில் மடிப்பு பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஏங்க, இது ரெண்டும் உருளைக்கிழங்குக்குச் சரியா இருக்கும்," என்றாள். "தம்பி கயித்தை அவுக்கறதுக்குள்ள இன்னொரு தடவ உள்ள விட்டு எடுக்கச் சொல்லுங்க. வெங்காயத்துக்கும் ஆயிடும்."